மகஜரில் ஓடிய அண்ணாச்சி

முருங்கையிலையை மொட்டை மாடியில் மூன்று நாள் காயப்போட்டேன். நிழலில் காய்ந்தால் பச்சை போகாது, வெயிலில் காய்ந்தால் நொறுங்கிவிடும். இரண்டில் எது கஞ்சாவைப் போல இருக்கும் என்று எனக்குத் தெரியவில்லை. தெரியாததே நல்லது என்றும் தோன்றியது. கடைசியில் பாதியை நிழலிலும் பாதியை வெயிலிலும் வைத்தேன். மூன்றாம் நாள் காலையில் என் கணவர் மாடியிலிருந்து முகம் வெளுத்து இறங்கி வந்தார்.

"ஏளா, மேல என்னத்தக் காயப் போட்டிருக்க? எதிர்வீட்டுக்காரரு ரெண்டு தடவ எட்டிப் பாத்துட்டாரு."

"கிளாஸுக்குங்க. கஞ்சா."

"இன்னும் கொஞ்சம் சத்தமாச் சொல்லு. பைபாஸ்ல போற லாரிக்காரனுக்குக் கேக்கல."

அவர் துறைமுகத்தில் ஒரு கிளியரிங் ஏஜென்சியில் வேலை பார்க்கிறார். கப்பலில் வரும் சரக்குக்கான காகிதங்களைச் சுங்கத்தில் காட்டி, சரக்கை வெளியே எடுத்துக் கொடுப்பது அவருடைய வேலை. கடலோரத்தில் போதைப்பொருள் பிடிபட்டதாகச் செய்தி வந்தால் அவர் பாட்டுக்கு இட்லி சாப்பிடுவார். பயம் எனக்குத்தான். அவர் கையெழுத்துப் போட்ட பெட்டிக்குள் யாரோ எதையோ வைத்திருந்தால்? அவருக்கே தெரியாமல் அவர் பெயர் ஏதாவது காகிதத்தில் ஏறியிருந்தால்? மகள் பிறந்ததும் பள்ளிக்கூட வேலையை விட்டிருந்தேன், அதனால் பயப்பட நேரம் தாராளமாக இருந்தது. அவள் தூங்கும் மதியங்களில் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தை ஒவ்வொரு பிரிவாகச் செல்போனில் படித்தேன். சாப்பாட்டு நேரத்தில் அவருக்கும் ஒப்பித்தேன்.

"இவ்வளவு படிக்கதுக்கு ஒரு பரீட்சையாவது எழுதித் தொலையேன்" என்றார்.

அவர் கிண்டலுக்குத்தான் சொன்னார். மறுநாளே நான் விண்ணப்பம் வாங்கிவிட்டேன்.

குற்றவியல் நீதியில் ஓராண்டு டிப்ளமோ. மில்லர்புரத்தில் எங்கள் வீட்டிலிருந்து ஸ்கூட்டரில் பத்து நிமிஷத் தூரத்தில் ஒரு தொடக்கப் பள்ளியில் ஞாயிறுதோறும் வகுப்பு. "கர்த்தருடைய நாள்ல கஞ்சாப் பாடமா?" என்று நாசரேத்திலிருந்து அம்மா போனில் கேட்டாள். முதல் ஆராதனையை முடித்துவிட்டுத்தான் போகிறேன் என்று சத்தியம் செய்தேன். உப்புக்காற்றில் துருவேறிய பூட்டைத் திறக்கக் காவலாளி படும் பாட்டைப் பார்த்தபடி பன்னிரண்டு பேர் வாசலில் நிற்போம். உள்ளே போய் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளின் பெஞ்சில் முழங்காலை மடக்கி உட்காருவோம்.

என் பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்தவர் ஒரு தலைமைக் காவலர். மேடத்திலிருந்து காவலாளி வரை எல்லாருக்கும் அவர் ஏட்டையாதான். மேடம் என்றால் எங்கள் பேராசிரியை. மதுரையிலிருந்து ரயிலில் வருவார். ஏட்டையா ஓய்வு பெற ஒன்றரை வருஷம் இருந்தது. அதற்குப் பிறகு காவலர் பயிற்சிப் பள்ளியில் பாடம் நடத்தப் போக வேண்டும் என்பது அவருடைய ஆசை. இந்தச் சான்றிதழ் இருந்தால் கூப்பிடுவதாகச் சொல்லியிருந்தார்கள். எழுத்துத் தேர்வுகளையெல்லாம் அவர் தாண்டிவிட்டார். செய்முறைப் பயிற்சியில்தான் இரண்டு முறை விழுந்துவிட்டார். மூன்று முறைக்கு மேல் வாய்ப்புக் கிடையாது.

பறிமுதல் மகஜர் எழுதுவதுதான் அந்தச் செய்முறை. ஒருவரிடமிருந்து ஒரு பொருளைக் கைப்பற்றினால் எங்கே, எப்போது, எப்படி எடுத்தோம் என்று அந்த இடத்திலேயே எழுத வேண்டும். காவல்துறையைச் சேராத சாட்சிகள் அதைக் கண்ணால் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். அந்தக் காகிதத்தை நம்பித்தான் ஒருவர் பத்து வருஷம் உள்ளே போவதும் வீட்டுக்குப் போவதும்.

"முப்பது வருசமா மகஜர் எழுதுதேன் டீச்சர், என்னையப் போயி பெயிலாக்கிட்டாங்க" என்றார் ஏட்டையா. நான் வேலையை விட்டு நான்கு வருஷமாகியும் அவருக்கு நான் டீச்சர்தான்.

"என்ன காரணம் சொன்னாங்க?"

"முதத் தடவ, சாட்சியே இல்லாம சாட்சி பேரப் போட்டுட்டேன். கை பழக்கத்துல வந்துட்டு. எங்க ஸ்டேசனுக்கு எதுத்தாப்புல ஒரு டீக்கடைக்காரரு உண்டு. அவருதான் எப்பவும் நமக்குச் சாட்சி. ஒரே நாள்ல பீச்சுலயும் 'தற்செயலா' நின்னுருக்காரு, பஸ் ஸ்டாண்டுலயும் 'தற்செயலா' நின்னுருக்காரு. மனுசன் கடைய விட்டு எந்திரிச்சதே கெடையாது."

"ரெண்டாந்தடவ?"

"விவரம் பத்தலன்னு நெனைக்கேன். இந்தத் தடவ பாருங்க, நாலு பக்கம். ஒண்ணையும் விடல."

பயிற்சிக்கு அப்போது இன்னும் ஒரு வாரம் இருந்தது. நடக்காத சோதனைக்கு நாலு பக்கமா என்று கேட்க வாயெடுத்தேன். வயதில் மூத்தவர், அனுபவஸ்தர், நாம் என்ன கண்டோம் என்று வாயை மூடிக்கொண்டேன்.

அந்தப் பருவத்தில்தான் என் கட்டுரைக்கு வகுப்பிலேயே அதிக மதிப்பெண் கிடைத்திருந்தது. போதைப்பொருளை ஒழிக்கும் நல்ல நோக்கத்துக்காகக் காவலர் விதியை மீறலாமா என்பது தலைப்பு. எட்டுப் பக்கத்துக்கு 'கூடாது' என்று எழுதியிருந்தேன். இடுப்பிலிருந்து எடுத்த கஞ்சாவைப் பையிலிருந்து எடுத்ததாக எழுதிய ஒரு போலீஸ்காரரை உதாரணமாகக் காட்டியிருந்தேன். ஏட்டையா அதை வாங்கிப்போய்ப் படித்துவிட்டு வந்தார்.

"நல்லா எழுதிருக்கீங்க டீச்சர். படிக்கப் படிக்க எனக்கே அந்தப் போலீஸ்காரன் மேல கோவம் வந்துட்டு." பிறகு குரலைத் தணித்தார். "ஆனா ஒண்ணு கேக்கேன். அவன்கிட்ட சரக்கு இருந்தது நெசம். பையில இருந்துச்சா இடுப்புல இருந்துச்சாங்கதுக்காக அவன விட்டுரலாமா? நாளைக்கு உங்க பிள்ள ஸ்கூல் வாசல்ல வந்து நிப்பான்."

எட்டுப் பக்கம் எழுதிய கைக்கும் எல்.கே.ஜி. பிள்ளையின் கையைப் பிடித்து வாசலைத் தாண்டும் கைக்கும் அன்றைக்கு ஒத்துப்போகவில்லை. வீட்டுக்கு வந்து கணவரிடம் கேட்டேன். "கட்டுரைக்கு மார்க்கு வாங்கியாச்சுல்ல, விடு" என்றார். எனக்கு எதையும் விட வராது.

பயிற்சி நாளன்று காலையில் கப்பல் காகிதத்தில் ஏதோ சிக்கல் என்று கணவரைத் துறைமுகத்துக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். வேறு வழியில்லாமல் மகளையும் கூட்டிப் போனேன். ஒரு கையில் முருங்கையிலைப் பொட்டலம், இன்னொரு கையில் அவளுடைய பிளாஸ்டிக் அடுப்பும் சட்டி பானையும் இருந்த பை. பிள்ளையோடு இந்தப் பொட்டலத்தைக் கொண்டுபோகும்போது யாராவது வழிமறித்தால் என்ன சொல்வது என்று யோசித்ததில், சிக்னலில் பச்சை விழுந்தும் நின்றுகொண்டிருந்தேன். பின்னால் வந்த ஆட்டோக்காரர் ஹாரனாலேயே என்னைத் திட்டினார்.

வகுப்பை மேடம் இரண்டு குழுவாகப் பிரித்தார். எங்கள் குழுவில் சோதனை போடும் அதிகாரி ஏட்டையா. குற்றவாளியாக நடிக்க ஒரு மளிகைக்கடை அண்ணாச்சி முந்தின வாரமே முன்வந்திருந்தார். சாத்தான்குளத்துக்காரர், அறுபது வயது. கடையை மகனிடம் ஒப்படைத்துவிட்டு, வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்காமல் படிக்க வந்தவர். ஆள் பற்றாக்குறை என்பதால் எங்கள் குழுவுக்கு ஒரே ஒரு சாட்சி. அது நான். பக்கத்து அறையில் முதல் குழுவைப் பார்த்துவிட்டு அரைமணியில் வருவதாகவும், மகஜரைப் படித்துவிட்டுச் சாட்சியை விசாரிக்கப் போவதாகவும் சொல்லிவிட்டு மேடம் போனார்.

பொட்டலத்தை நான் அண்ணாச்சியிடம் கொடுத்தேன். அவர் அதை, வகுப்புக்கு எப்போதும் கொண்டுவரும் தன் மஞ்சப்பைக்குள் போட்டு, பையைப் பெஞ்சின் மேல் வைத்தார்.

"ஏன் அண்ணாச்சி, எப்பவும் கடையில நின்னு விப்பீங்க, இப்பம் பையில வச்சு விக்க வந்துட்டீங்களா?" என்றார் ஏட்டையா.

"கடையில எங்க வே வியாபாரம் ஓடுது? எல்லாவனும் ஆன்லைன்ல வாங்குதான்."

சிரிப்பு அடங்குவதற்குள் ஏட்டையா என் மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். ஜன்னல் வழியாகக் கன்டெய்னர் லாரிகளைக் காட்டி, "அந்தச் செவப்பு வண்டி ஒனக்கு, நீல வண்டி எனக்கு" என்று பங்கு பிரித்தார். அவளும் உடனே பேரம் பேச ஆரம்பித்தாள். அப்படியே ஒரு கையால் என்னிடம் நாலு காகிதங்களை நீட்டினார்.

"டீச்சர், பென்சில்ல புள்ளி வச்சிருக்கேன். அந்த இடத்துல போட்டுருங்க. மேடம் வந்தப்பெறவு அவசரத்துல விட்டுப்போயிரும்."

கையெழுத்து முத்து முத்தாக இருந்தது. புள்ளி வைத்த நாலு இடத்திலும் கையெழுத்துப் போட்டேன். படித்துப் பார்க்கவில்லை. அதற்குக் காரணம் இன்றுவரை எனக்குச் சரியாகத் தெரியவில்லை. பள்ளிக்கூட டைரி, வங்கிப் படிவம், தடுப்பூசி அட்டை என்று காட்டிய இடத்திலெல்லாம் போட்டுப் பழகிய கை. அதோடு, என் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டிருப்பவரை நிற்கவைத்து நாலு பக்கம் படிப்பது மரியாதையாகவும் தோன்றவில்லை. சுயேச்சையான சாட்சியின் முக்கியத்துவத்தைப் பற்றி மட்டும் இரண்டு பக்கம் எழுதியவள் நான்.

மகளை இறக்கிவிட்டார். யார் எங்கே நிற்பது என்று கொஞ்ச நேரம் பேசிவிட்டுச் சோதனையைத் தொடங்கினோம். அண்ணாச்சி மஞ்சப்பையை எடுத்துக்கொண்டு வராந்தாவில் தண்ணீர்த் தொட்டி அருகே போய் நின்றார். ஏட்டையா அவரை நெருங்கினார்.

"அண்ணாச்சி, ஓடுங்க."

"ஓடணுமா? எதுக்கு?"

"எங்களப் பாத்ததும் ஓட முயற்சி பண்ணுனீங்கன்னு எழுதிட்டேன்."

"மூட்டு வலி வே. மாடிப்படி ஏறியே ஆறு மாசமாச்சு."

"ரெண்டு எட்டு வச்சாப் போதும்."

அண்ணாச்சி சுவரைப் பிடித்து இரண்டு எட்டு வைத்தார். சீக்கிரம் பிடித்துவிடக் கூடாதே என்று ஏட்டையா ஓரடி பின்வாங்கி, பிறகு 'சுற்றி வளைத்தார்'. ஒற்றை ஆளாகச் சுற்றி வளைப்பதற்கு அவர் அண்ணாச்சியை ஒரு முழுச் சுற்று சுற்றி வர வேண்டியிருந்தது. அடுத்ததாகச் சட்டப்படி கேட்க வேண்டியதைக் கேட்டார்: மாஜிஸ்ட்ரேட் அல்லது கெசட்டட் அதிகாரி முன்னிலையில் சோதனை போட வேண்டும் என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு, வேண்டுமா?

"மாஜிஸ்ட்ரேட்டே வரட்டும்" என்றார் அண்ணாச்சி கம்பீரமாக.

"அண்ணாச்சி, வேண்டாம்னு சொல்லுங்க. வேண்டாம்னு எழுதிட்டேன்."

"உரிமை உண்டுன்னு இப்பத்தான வே சொன்னீரு?"

"உரிமை உண்டு. ஆனா வேண்டாம்னுட்டீங்க."

சிரித்துச் சிரித்து எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஏட்டையா மஞ்சப்பைக்குள் கையை விட்டார். கை துழாவியது. வெளியே வந்தபோது அதில் ஒரு தைலப் பாட்டில் இருந்தது. மறுபடி விட்டார். பையைத் தலைகீழாகக் கவிழ்த்தார். பொட்டலம் இல்லை.

மூன்று பேரும் வகுப்பறைக்குள் திரும்பிப் பார்த்தோம். பெஞ்சுக்கு அடியில் என் மகள் சமைத்துக்கொண்டிருந்தாள். நாங்கள் பேசிக்கொண்டிருந்த நேரத்தில் பெஞ்சின் மேலிருந்த பையைத் துழாவிப் பொட்டலத்தை எடுத்திருக்கிறாள். சட்டி நிறைய முருங்கையிலை, கரண்டியால் கிண்டிக்கொண்டிருந்தாள்.

ஏட்டையா ஒரு நொடியும் தயங்கவில்லை. குனிந்து இலையை இரண்டு கையாலும் அள்ளினார். பொட்டலமாகக் கட்டினார். மஞ்சப்பைக்குள் போட்டார். பையிலிருந்து வெளியே எடுத்தார். வெளியே வந்துவிட்ட சட்டையைப் பேண்டுக்குள் செருகிக்கொள்வது போல, அவ்வளவு இயல்பாக.

"எடுத்தாச்சு. டீச்சர், பாத்தீங்கல்லா?"

நான் தலையாட்டினேன்.

"எஞ் சாம்பாரு!" என்று என் மகள் அழ ஆரம்பித்தாள்.

அப்போதுதான் என் கையெழுத்து இருந்த காகிதத்தை முதன்முறையாகப் படித்தேன். எதிரி, அதாவது அண்ணாச்சி, ஓட முயன்றதாகவும், மாஜிஸ்ட்ரேட் வேண்டாம் என்று தானே முன்வந்து சொன்னதாகவும், அவரது வலது கையிலிருந்த மஞ்சள் நிறப் பையிலிருந்து மேற்படி பொருள் கைப்பற்றப்பட்டதாகவும் இருந்தது. இவை அனைத்தையும் சாட்சி நேரில் பார்த்ததாகவும் இருந்தது. சிரிப்பு எங்கே போனதென்று தெரியவில்லை. இதே காகிதத்தில் என் கணவர் பெயர் இருந்து, இதே மாதிரி ஒரு டீச்சர், பிள்ளையைத் தூக்கி வைத்திருந்த நல்ல மனிதருக்காகப் புள்ளி வைத்த இடத்தில் போட்டிருந்தால்?

நிஜத்தைச் சொன்னால் ஏட்டையாவுக்கு மூன்றாவது முறையும் போய்விடும். என் மகளை இடுப்பில் வைத்து லாரி காட்டிய மனிதர். இது வெறும் முருங்கையிலை, நாளைக்கே பொடியாகப் போவது, இதற்குப் போய் ஒருவரின் ஆசையைக் கெடுப்பதா? ஆனால் அவர் போய்ப் பாடம் நடத்தப்போவது யாருக்கு? இருபது வயதுக் காவலர்களுக்கு. இப்படி ஒன்றுக்கொன்று பதில் சொல்லி முடிப்பதற்குள் மேடம் வந்துவிட்டார்.

நாலு பக்கத்தையும் நிதானமாகப் படித்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

"சாட்சி, பொருள் எங்கிருந்து எடுக்கப்பட்டது?"

ஏட்டையா என்னைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பில் துளி சந்தேகம்கூட இல்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

"நான் பாக்கும்போது அது என் பொண்ணோட அடுப்பு மேல இருந்துச்சு மேடம்."

"அப்போ பையில?"

"ஏட்டையா எடுத்துப் பையில போட்டு, அப்புறமா எடுத்தாங்க."

"எதிரி ஓடினாரா?"

"சுவரப் புடிச்சு ரெண்டு எட்டு வச்சாங்க மேடம். ஓடச் சொன்ன பெறகு."

"மாஜிஸ்ட்ரேட் வேண்டாம்னாரா?"

"நான் வேணும்னேன்" என்றார் அண்ணாச்சி பின்னாலிருந்து.

"இந்தக் கையெழுத்து உங்களோடதா?"

"ஆமா மேடம்."

"எப்போ போட்டீங்க?"

"சோதனைக்கு முன்னாடி."

ஏட்டையாவின் முகத்தை நான் பார்க்கவில்லை. அவருடைய செருப்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அது மேடத்தின் மேசைப் பக்கம் நகர்ந்தது.

"மேடம், நேரம் இன்னும் பத்து நிமிசம் இருக்கா?"

"இருக்கு."

"ஒரு வெள்ளப் பேப்பர் குடுங்க."

அவர் உட்கார்ந்து எழுதினார். முப்பது வருஷத்தில் அப்படி எழுதியிருப்பாரோ என்னவோ, ஒவ்வொரு வரிக்கும் நிமிர்ந்து அண்ணாச்சியையும் பெஞ்சையும் அடுப்பையும் பார்த்தார். நடுவில் ஒருமுறை, "பாப்பா, அது சாம்பாரா கூட்டா?" என்று கேட்டார். சாம்பார் என்று உறுதியான பதில் வந்தது. எழுதி முடித்ததை மேடம் உரக்கப் படித்தார்.

"மேற்படி நபர் ஓடவில்லை. நான் ஓடச் சொன்னதன் பேரில் இரண்டு எட்டு வைத்தார். மாஜிஸ்ட்ரேட் வேண்டும் என்று கேட்டார். நான் ஏற்பாடு செய்யவில்லை. அவரது மஞ்சள் நிறப் பையைத் திறந்து பார்த்ததில் தைலப் பாட்டில் ஒன்று தவிர வேறெதுவும் இல்லை. மேற்படி பொருள், சாட்சியின் மகளான சுமார் நான்கு வயது மதிக்கத்தக்க பெண் குழந்தையின் பிளாஸ்டிக் அடுப்பின் மீது, சாம்பார் என்று சொல்லப்படும் நிலையில் காணப்பட்டது. நான் அதனை எடுத்துப் பையில் வைத்து, மீண்டும் பையிலிருந்து எடுத்தேன். குழந்தை ஆட்சேபணை தெரிவித்தது."

மேடம் சிரிக்காமலிருக்க உதட்டைக் கடித்துக்கொண்டார். அண்ணாச்சியால் முடியவில்லை. ஏட்டையா மட்டும் என் பக்கம் திரும்பாமலே காகிதத்தை நீட்டினார். இந்தத் தடவை பென்சில் புள்ளி இல்லை. இரண்டு முறை படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன்.

முடிவு வர மூன்று வாரமாயிற்று. அந்த மூன்று வாரமும் ஏட்டையாவுக்கு மன்னிப்புக் கேட்டு வாட்ஸ்அப்பில் எழுதுவேன், அழிப்பேன். மன்னிப்புக் கேட்டால் செய்தது தப்பென்று ஆகிவிடுமே. கேட்காவிட்டால் திமிர் என்று நினைப்பாரே. ஒரு நாள் வெறும் 'வணக்கம் ஏட்டையா' மட்டும் அனுப்பினேன். கைகூப்பிய படம் ஒன்று வந்தது. அதற்கு என்ன அர்த்தம் என்று கணவரை ஒரு வாரம் படுத்தினேன். "கைகூப்புனா வணக்கம்னு அர்த்தம்" என்றார்.

ஏட்டையா தேறிவிட்டார். தேறுவதற்கான குறைந்தபட்ச மதிப்பெண்ணில், ஆனாலும் தேறிவிட்டார். என் பெயருக்கு நேரே 'சாட்சி: மறுபயிற்சி' என்று இருந்தது.

கண் கலங்க மேடத்துக்குப் போன் செய்தேன். "அவர் எழுதினது தப்பு, பத்து நிமிஷத்துல திருத்திட்டார்" என்றார். "நீங்க படிக்காமப் போட்ட கையெழுத்தை எதை வச்சும்மா திருத்துறது? இந்த முறை நீங்களே சோதனை போட்டு மகஜர் எழுதுங்க. சாட்சியை நீங்களே தேடிக்கோங்க."

யாரைக் கேட்பது என்று இரண்டு நாள் குழம்பினேன். போலீஸ்காரர் சாட்சியாக முடியாது என்றாலும் பயிற்சிக்குப் பரவாயில்லை என்று மேடம் சொல்ல, கடைசியில் அவரைத்தான் கேட்டேன். அடுத்த ஞாயிறு ஏட்டையா வந்தார், என் மகளுக்கு ஒரு பாக்கெட் முந்திரி மக்ரூனோடு. குற்றவாளி அதே அண்ணாச்சிதான். அன்றைக்குக் கணவருக்குத் துறைமுக வேலை இல்லாததால் பிள்ளையை அவரிடம் விட்டிருந்தேன். இந்த முறை எதையும் அதிர்ஷ்டத்துக்கு விடுவதாக இல்லை. மேடத்தின் முன்னிலையில் எல்லாம் ஒழுங்காக நடந்தது. மாஜிஸ்ட்ரேட்டுக்காக நடிக்கக் காவலாளியைக்கூடத் தயாராக வைத்திருந்தேன். பொட்டலம் பையிலேயே இருந்தது.

மகஜரை நீட்டினேன். ஏட்டையா சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, விரலை வரிக்கு அடியில் ஓட்டியபடி படித்தார். முதல் பக்கத்துக்கே பத்து நிமிஷம் ஆயிற்று. இரண்டாம் பக்கத்தில் விரல் நின்றது.

"டீச்சர், மணி என்ன?"

"பதினொண்ணே கால்."

"இப்பம் எழுதி முடிச்ச மகஜர் பத்தரைக்கே முடிஞ்சுட்டுன்னு இங்க போட்டிருக்கு." விரல் இன்னும் கொஞ்சம் கீழே போனது. "அண்ணாச்சி நீல சட்ட போட்டிருந்தாருன்னு இருக்கு."

நான் அண்ணாச்சியைப் பார்த்தேன். வெள்ளைச் சட்டை.

"போன தடவ நீலம் போட்டிருந்தாங்க. அதான்..." என்றேன். எழுத நேரம் போதாமல் போய்விடுமோ என்ற பயத்தில், முந்தின நாள் மதியம் மகள் தூங்கும்போதே பாதியை எழுதி முடித்திருந்தேன்.

ஏட்டையா கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகினார். அண்ணாச்சி வசதியாகப் பெஞ்சில் சாய்ந்து உட்கார்ந்து, மகளுக்கென்று வந்த மக்ரூனைப் பிரித்தார்.

"நான் கையெழுத்துப் போட மாட்டேன்" என்றார் ஏட்டையா. "மேடம், டீச்சருக்கு ஒரு வெள்ளப் பேப்பர் குடுங்க."